செண்டுவெளி வேந்தர்

ஒரு சொல் தான் பிறந்த வீட்டை மறந்து புகுந்த வீட்டிலேயே வாழ்ந்துவிடுதல் மொழியுலகில் அரிதன்று. போலோ என்னுஞ் சொல் அத்தகையது. திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் முதலிய ஊர்களிலும் பனியன் தொழிலாற் பிழைக்கும் பல்லாயிரவர் நாடோறும் இச்சொல்லை வழங்குகின்றனர். அவர்க்கு அஃது ஓர் உடுப்பின் பெயர். கழுத்துப்பட்டையும் இரண்டு மூன்று பொத்தான்களும் அமைந்த பின்னலாடையின் பெயர். அது முதலில் ஓர் ஆட்டத்தின் பெயர் என்று அறிந்தோர் அவருட் சிலரே. அவ்வாட்டத்தைக் கண்ணாற் கண்டோர் அவரினும் சிலர்.

அவ்வாட்டத்தில் நம் நாட்டின் பெயரைக் கடல் கடந்து நிலைநாட்டியவருள் தலைசிறந்தவர் ஒருவர், ஜெய்ப்பூர் வேந்தராய் விளங்கிய இரண்டாம் சவாய் மான் சிங் அவர்கள். அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம். அரசராய்ப் பிறந்தார், செல்வத்திற் கிடந்தார் என்பது பற்றி ஒருவரைப் போற்றுதல் இக்காலத்துக்குப் பொருந்தாது. பிறப்பும் செல்வமும் ஒருவர்க்கு எதனை அளிக்கும், எதனை அளிக்கமாட்டா என்பதனை இவர் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகின்றது. அதுபற்றியே இதனை எடுத்துக்கொண்டோம்.

ஆட்டத்தின் இயல்பு

போலோ என்பது குதிரைமீதிருந்து ஆடும் பந்தாட்டம். நம் முன்னோர் குதிரை பயிற்றும் பரந்த இடத்தைச் செண்டுவெளி என வழங்கினர். செண்டு என்னுஞ் சொல்லுக்குப் பந்து என்றும் குதிரைச் சவுக்கு என்றும் பொருள் கூறுவர். ஆதலின் பந்தும் குதிரையும் கூடிய இவ்வாட்டத்தைச் செண்டாட்டம் என நாம் தமிழில் அழைப்பின் அது தகும். போலோ என்பதோ இமயமலைப் பகுதியில் வழங்கும் பால்டி மொழியிற் பந்தைக் குறிக்குஞ் சொல்.

இவ்வாட்டம் பாரசீகத்திலும் நடு ஆசியாவிலும் மிகப் பழங்காலத்தே ஆடப்பட்டது. நம் நாட்டின் கீழ்த்திசைக் கோடியில் மணிப்பூர் மக்கள் சகோல் காங்ஜெய் என்னும் பெயரால் இதனை இடையறாது காத்துவந்தனர். அங்கு அரசரும் ஆடினர், ஊராரும் ஆடினர். அவர்களிடமிருந்தே ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டத்தாரும் படைத்தலைவரும் கற்று, 1859-ஆம் ஆண்டிற் சில்சாரில் ஒரு கழகம் அமைத்தனர். கல்கத்தாவிற் கழகம் தோன்றியது 1862-ஆம் ஆண்டில். 1869-இல் ஆட்டம் இங்கிலாந்துக்குச் சென்றது; 1876-இல் இலண்டன் நகரத்து ஹர்லிங்காம் கழகம் வாகைக் கிண்ணம் ஒன்றை ஏற்படுத்தியது. இவ்வாறு நம் நாட்டிற் கற்ற ஆட்டத்துக்குச் சட்டம் வகுத்து, அதன் தலைமை நடுவர் என்ற நிலையையும் ஆங்கிலேயர் அடைந்தனர். அத்தலைமைக் களத்துக்கே சென்று வென்றமையால்தான் மான் சிங் பெற்ற வெற்றிக்குத் தனிச் சிறப்பு உண்டாயிற்று.

ஆட்டமுறையை அறியாதார்க்குச் சில சொல்லுவோம். ஓர் அணிக்கு நால்வர். திடலின் நீளம் 300 கஜம். அகலம் 160 முதல் 200 கஜம் வரை. இரு கோடியிலும் 8 கஜ இடைவெளி விட்டு நட்ட இரண்டு கம்பங்கள் இலக்கு. பிரம்புத் தண்டின் நுனியில் மரக்கட்டை பொருத்திய மட்டையை வலக்கையிற் பிடித்து, இடக்கையாற் கடிவாளம் பற்றி, விரையும் குதிரைமீதிருந்து சிறு பந்தை அடித்து இலக்கினுட் செலுத்துதல் வேண்டும். ஒவ்வோர் இலக்கு விழுந்தபின்னும் இரு அணியும் திசை மாறும். காற்றும் வெயிலும் ஒருவர்க்கே துணையாதல் கூடாதென்பது கருத்து. ஆட்டம் ஏழு நிமிஷ அளவுள்ள சுற்றுக்களாய்ப் பிரிக்கப்படும். ஆங்கிலேயர் அச்சுற்றைச் சக்கர் என்பர். அது நம் சக்கரம் என்னுஞ் சொல்லின் வழிவந்ததே. ஒரு சுற்றில் ஓடிய குதிரை அடுத்த சுற்றில் ஓடுதல் இயலாது. ஆதலின் ஒவ்வொருவர்க்கும் பல குதிரைகள் வேண்டும்.

பந்து செல்லும் கோட்டிற் செல்வோனுக்கே வழியுரிமை. அக்கோட்டைக் குறுக்கிடுவோன் எவனாயினும் குற்றவாளி. பக்கத்தே குதிரையை நெருக்கி எதிரியை விலக்கலாம், குறுக்கே புகலாகாது. அரசன் குறுக்கிட்டாலும் ஊதல் ஒலிக்கும்.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் அவன் திறமையை ஆராய்ந்து கழகத்தார் ஓர் எண் வழங்குவர். ஹாண்டிகாப் எனப்படும் அவ்வெண், கீழ் எல்லையில் இரண்டு குறைவாகவும் மேல் எல்லையிற் பத்தாகவும் இருக்கும். நால்வரின் எண்களைக் கூட்டி அணியின் தரத்தை அறிவர். அக்கூட்டுத்தொகை உயர்ந்த அணிகளே உயர்தரப் பந்தயங்களிற் கலந்துகொள்ளும். பத்து என்னும் எண்ணை எய்தியோர் உலகில் மிகச் சிலர். இவ்வளவுகோல் குலம் பாராது, கருவூலம் பாராது. நூறு குதிரை உடையானும் அடிக்கத் தெரியாதவனாயின் அவன் எண் பூச்சியமே. ஓர் அரசகுமாரன் தன்னைப் பிறர் அளக்க உடன்படும் இடம் அக்காலத்தில் இஃதொன்றே என்னலாம்.

பிறப்பும் மகவேற்பும்

மான் சிங் ஜெய்ப்பூர் அரண்மனையிற் பிறந்தவரல்லர். ஜெய்ப்பூருக்கு உட்பட்ட ஈசர்தா என்னுஞ் சிற்றூரின் தலைவர் சவாய் சிங் என்பவர்க்கு இரண்டாம் மகனாக 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21-ஆம் நாள் பிறந்தனர். பெற்றோர் இட்ட பெயர் மோர் முகுட் சிங். அந்நாளில் ஜெய்ப்பூரை ஆண்ட இரண்டாம் மாதோ சிங் தமக்குப்பின் பட்டத்துக்குரிய மகன் இன்மையால், 1921-ஆம் ஆண்டில் இச்சிறுவரை மகவாக ஏற்றனர். மாதோ சிங்கும் முன்னர் அவ்வீசர்தாவினின்று மகவாய் ஏற்கப்பட்டவரே. 1922-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மாதோ சிங் காலஞ்செல்ல, பத்து வயதுப் பாலகர் மான் சிங் என்னும் பெயரோடு அரியணை ஏறினர். சவாய் என்னும் அடைமொழிக்கு ஒன்றே கால் என்பது பொருள். பிறர் ஒருவராயின் இவ்வரசர் ஒன்றே கால் என்னும் பெருமையைக் குறிப்பது. அப்பட்டம் ஜெய்ப்பூர் நகரை அமைத்த இரண்டாம் ஜெய் சிங் காலந்தொட்டு வழிவழி வருவது.

வளர்த்த தந்தைக்கும் இவர்க்கும் இடையே காலம் எவ்வளவு மாறியது என்பதை ஒரு செய்தியாற் காட்டுவோம். 1902-ஆம் ஆண்டில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு இலண்டன் சென்ற மாதோ சிங், கடல் கடந்த நாட்டு நீரைப் பருகுதல் ஆகாதென்று கருதி, ஆளுயர வெள்ளிக் குடங்களிற் கங்கை நீர் நிரப்பிக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். அக்குடங்கள் இன்றும் ஜெய்ப்பூர் அரண்மனையிற் காட்சிப்பொருளாய் நிற்கின்றன. முப்பத்தோராண்டு கழித்து அம்மைந்தர் அதே நகருக்குக் குதிரைகளைக் கப்பலேற்றிச் சென்றார். தந்தையார் அந்நிய மண்ணினின்று தம்மைக் காத்துக்கொள்ளச் சென்றார். மைந்தரோ அம்மண்ணிலே தம்மை அளந்துகொள்ளச் சென்றார்.

பயிற்சியும் துணைவரும்

இளவரசர்க்கென அமைந்த அஜ்மீர் மேயோ கல்லூரியிற் கல்வி கற்றபின், 1929-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உல்விச் படைப்பள்ளிக்குச் சென்றனர். 1931-இல் ஆட்சிப் பொறுப்பு முழுதும் அவர் கைக்கு வந்தது. எனினும் பள்ளிப் பருவத்திலேயே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது செண்டாட்டமே.

அந்நாளில் இராஜபுதனத்தில் இக்கலைக்குத் தாயகமாய் விளங்கியது ஜோத்பூர். அதனைப் பல்லாண்டு காத்துநின்ற சர் பிரதாப் சிங் என்னும் முதியவர் குதிரையேற்றமே உயிரெனக் கொண்டவர். 1897-இல் விக்டோரியா அரசியாரின் வைரவிழாவுக்கு இங்கிலாந்து சென்றபோது அவர் அணிந்திருந்த, தொடை அகன்று முழங்காலின் கீழ் இறுகிய காற்சட்டையைக் கண்டு ஆங்கிலேயர் வியந்து தாமும் தைத்துக்கொண்டனர். குதிரையேறுவோர் அணியும் அவ்வுடைக்கு இன்றுவரை உலகெங்கும் ஜோத்பூர் என்பதே பெயர். ஓர் ஊர்ப்பெயர் உடைப்பெயராய் ஆனதற்கு அஃதொரு சான்று.

அப்பெரியாரின் மைந்தர் ஹனூத் சிங். 1900-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், உருவத்தால் எளியர்; ஆட்டத்திலோ ஒன்பது என்னும் எண் பெற்ற பேராற்றலர். குதிரையின் இயல்பை அறிந்து பழக்குவதிலும், இளைஞரை ஆட்டக்காரராய் ஆக்குவதிலும் அவர்க்கு நிகர் அரியர். மான் சிங் ஜோத்பூர் அரச குலத்தில் மணஞ்செய்துகொண்டமையின் இருநகர்க்கும் உறவு நெருங்கியது. அவ்வுறவின் வழியே ஹனூத் சிங்கும், அபய் சிங்கும் ஜெய்ப்பூர் அணியிற் சேர்ந்தனர். பாரியா என்னும் நாட்டைச் சார்ந்த பிரிதி சிங் நான்காமவர் ஆயினர்.

இந்நால்வரும் நின்ற முறை கருதத்தக்கது. முன்னிலையிற் பிரிதி சிங். இரண்டாம் நிலையில் அபய் சிங். மூன்றாம் நிலையில் ஹனூத் சிங். பின்னிலையில் மான் சிங். செண்டாட்டத்தில் அணியைக் கட்டியாளும் இடம் மூன்றாம் நிலை. எதிரியின் பந்தைத் தடுத்துத் திருப்பி, முன்னிற்போர்க்கு அளிப்பவன் அங்கே நிற்பவன். பின்னிலை காவல் நிலை. வேந்தர் காவற்பணியை மேற்கொண்டு, கட்டியாளும் இடத்தைத் தம்மினும் மூத்தவரும் வல்லவருமாகிய ஒருவர்க்கு விட்டனர். அரண்மனையில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லை. திடலிலோ ஹனூத் சிங் போகும் வழி அறிந்து அவர் போதல் வேண்டும். இவ்வடக்கம் அவ்வணியின் வெற்றிக்கு அடிப்படை என்று நாம் கருதுகின்றோம்.

இவ்வாட்டத்திற் பயிற்சி என்பது பந்தை அடித்துப் பழகுதல் மாத்திரம் அன்று. வலைகட்டிய கூண்டினுள் மரக்குதிரைமீது அமர்ந்து, சரிந்த தரையினின்று மீண்டும் மீண்டும் உருண்டுவரும் பந்தை மணிக்கணக்காக அடித்துக் கை பழகுதல் ஒன்று. குதிரையை விரைந்து ஓட்டி, நின்ற நிலையில் திருப்பி, மட்டையின் ஓசைக்கும் மற்றக் குதிரையின் மோதலுக்கும் அஞ்சாமற் பழக்குதல் மற்றொன்று. இப்பழக்கம் ஒரு குதிரைக்கு ஆண்டுக்கணக்கிற் செல்லும். விடியுமுன் எழுந்து கொள்ளும் புல்லும் இட்டு, உடல் தேய்த்து, குளம்பு பார்த்து, லாடம் கட்டுவித்து, ஆடுமுன் காலுக்குத் துணி சுற்றி வாலை முடிந்து நிறுத்தும் குதிரைக்காரர் கூட்டம் இதன் பின்னே உண்டு. கிண்ணத்தில் அவர் பெயர் பொறிக்கப்படுவதில்லை.

1933-ஆம் ஆண்டு

1930-ஆம் ஆண்டையொட்டிக் கல்கத்தாவில் நடைபெற்ற இந்தியப் போலோச் சங்கத்து வாகைப் பந்தயத்திலும் பிற பந்தயங்களிலும் ஜெய்ப்பூர் அணி வென்று, நம் நாட்டில் இணையற்றதாயிற்று. அதன்பின் 1933-ஆம் ஆண்டில், இருபத்தோராண்டும் நிரம்பாத வேந்தர் தம் அணியை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றனர்.

குதிரைகளைக் கடல்வழி கொண்டுபோதல் எளிய செயலன்று. வாரக்கணக்கிற் கப்பலின் அடித்தளத்தில் நின்றுகொண்டே செல்லும் குதிரையின் கால் வீங்கும், உணவு செல்லாது, செங்கடலின் வெப்பமும் அதனை வாட்டும். கரையிறங்கியபின் சிறிது சிறிதாக நடத்தி, பின்னர் ஓட்டி, மீண்டும் ஆட்டத்துக்கு உரியதாக்கல் வேண்டும். மேலும் இராஜபுதனத்துத் தரை வறண்டு இறுகியது; அதிற் பந்து நெடுந்தூரம் விரைந்தோடும். இங்கிலாந்துத் தரையோ மழையில் நனைந்த பசும்புல். அங்கே பந்து தயங்கும், குளம்பு வழுக்கும். ஒரு தரையிற் கற்ற கை மற்றொரு தரைக்கு ஏற்ப மாறுதல் வேண்டும்.

அக்காலத்து இலண்டன் பருவப் பந்தயங்கள் ஒரு தொடராய் அமைந்திருந்தன. ரோஹாம்ப்டன் கழகத்தார் ஒரு பொதுப் பந்தயம் நடத்துவர். ரானிலா கழகத்தார் ஒன்று. ஹர்லிங்காம் கழகத்தார் தம் வாகைக் கிண்ணத்துக்கு ஒன்று. இவற்றில் வென்ற அணிகள், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு நினைவாக 1911-இல் ஏற்பட்ட முடிசூட்டுக் கிண்ணத்துக்காக மோதுவது பருவத்தின் கொடுமுடி. ஆகவே ஒருநாள் நல்வாய்ப்பால் ஒரு கிண்ணத்தைக் கவர்தல் எவர்க்கும் கூடும். தொடர் முழுதும் வெல்லுதல் அரிது. குதிரை ஒன்று நொண்டினும், ஒருவர் தோள் சுளுக்கினும், நால்வருள் ஒருவர் மனம் வேறுபடினும் தொடர் அறுந்துபோம்.

ஜெய்ப்பூர் அணி அத்தொடரை அறுபடாமல் வென்றது. ரோஹாம்ப்டன், ரானிலா, ஹர்லிங்காம் ஆகிய மூன்றிலும் வாகை சூடி, முடிசூட்டுக் கிண்ணத்தையும் கைக்கொண்டு, பருவம் முழுதும் தோல்வியறியா அணி என்னும் புகழோடு திரும்பியது. செண்டாட்ட வரலாறு எழுதுவோர் 1933 என்றால் ஜெய்ப்பூர் என்றே எழுதுகின்றனர். ஆட்டத்துக்குச் சட்டம் வகுத்தவர் தம் மண்ணிலே, தம் நடுவர் முன்னிலையில், தம் சட்டத்தின்படியே தோற்றனர். அக்காலத்து இந்தியர்க்கு அது தந்த மகிழ்ச்சியை நாம் இன்று அளந்தறிதல் அரிது. நாட்டிற் சட்டமறுப்பு இயக்கம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சிறைக்கூடங்களில் ஆயிரவர் இருந்தனர். அவர் வழி வேறு, இவ்வேந்தர் வழி வேறு. இரண்டையும் ஒன்றென நாம் கூறமாட்டோம். எனினும், நெறி தவறாது ஆடினால் ஆள்வோனும் ஆளப்படுவோனும் ஓரளவுகோலுக்கு உட்பட்டவரே என்பதை அத்திடல் காட்டிற்று.

மறுபக்கம்

நிற்க. புகழ் மாத்திரம் கூறி மறுபக்கத்தை மறைத்தல் வரலாறு ஆகாது. அக்குதிரைகளின் கொள்ளும், கப்பற் கூலியும், அரண்மனைத் திடலின் பசும்புல்லுக்கு இறைத்த நீரும் எங்கிருந்து வந்தன? வானம் பார்த்த பூமியை உழுத ஜெய்ப்பூர் நாட்டுக் குடிகளின் வரியினின்றே வந்தன. அவ்வாண்டுகளிலேயே ஜெய்ப்பூருக்கு உட்பட்ட சீகர் முதலிய பகுதிகளில் உழவர் வரிக்கொடுமை தாங்காது கிளர்ந்தெழுந்தனர். மக்கட்குப் பொறுப்பான ஆட்சி வேண்டுமெனப் பிரஜா மண்டலத்தார் கேட்டனர். அதன் தலைவர் ஜம்னாலால் பஜாஜ் ஜெய்ப்பூர் எல்லைக்குள் வரலாகாதென்று தடுக்கப்பட்டு, தடையை மீறியமையால் 1939-இற் சிறைப்பட்டனர். செண்டுவெளியிற் குறுக்கே புகாத வேந்தர், நாட்டு வழியிற் குடிகள் கேட்ட உரிமைக்குக் குறுக்கே நின்ற காலமும் உண்டு.

பின்னர் அவர் வழி மாறியது. மைசூரிற் புகழ்பெற்ற சர் மிர்சா இஸ்மாயிலை 1942-இல் அமைச்சராக அமர்த்தினர். நகரம் விரிவடைந்தது, கல்விச்சாலைகள் பெருகின. அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் இராஜஸ்தானத்து ஏழைமக்கள் நாடும் பெரிய மருத்துவமனையாய் நிற்கின்றது. 1940-இற் கூச்பிகார் இளவரசி காயத்ரி தேவியை மணந்தனர். அவ்வம்மையார் 1943-இல் ஜெய்ப்பூரிற் பெண்கட்கெனப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். திரைக்குப்பின் வாழ்ந்த பெண்மக்கள் ஏடெடுத்து வெளிவருதற்கு அது வழிகாட்டிற்று.

உடையும் ஊரும்

இனி, திருப்பூருக்கும் இவ்வாட்டத்துக்கும் உள்ள தொடர்பு யாதென வாசகர் வினவுவர். ஜெய்ப்பூர் அணி இலண்டனில் வென்ற அதே 1933-ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டில் ஒரு செயல் நிகழ்ந்தது. டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த் என்பவர், நீண்ட கையும் விறைத்த கழுத்தும் உள்ள சட்டை ஆட்டத்துக்குத் தடையெனக் கண்டு, குறுங்கையும் மென்கழுத்துப் பட்டையும் உடைய பின்னற்சட்டையைத் தாம் முன்னரே அணிந்து ஆடிவந்தனர். அதனை அவ்வாண்டிற் பின்னலாடைத் தொழிலர் ஆந்திரே ஜில்யே என்பவரோடு கூடி விற்பனைக்குக் கொணர்ந்தனர். காற்றுப் புகும் சிறு துளைகளோடு தேன்கூடு போற் பின்னிய அத்துணி வியர்வையை உறிஞ்சிற்று. கையை வீசுதற்கு இடந்தந்தது. செண்டாட்டக்காரர் அதனை விரும்பி ஏற்றமையால், பிறந்தது டென்னிஸ் திடலிலாயினும் பெயர் போலோ என நிலைத்தது.

நொய்யற்கரைத் திருப்பூரில் அக்காலத்தே பனியன் பின்னும் எந்திரம் வந்திருந்தது. எனினும் நெடுநாள் உள்நாட்டுக்கான வெள்ளைப் பனியனே அங்குப் பெரிதும் பின்னப்பட்டது. 1970-களின் பிற்பகுதியில் இத்தாலி முதலிய நாட்டு வணிகர் தேடிவர, ஏற்றுமதி வளர்ந்தது. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. இன்று அங்கே தைக்கும் போலோச் சட்டை ஒன்று எத்தனை கை மாறுகின்றது என்பதைக் காண்பவர் வியப்பர். நூல் வட்ட எந்திரத்திற் பின்னப்பட்டுத் துணியாகும். கழுத்துப்பட்டை வேறோர் எந்திரத்திற் தனியே பின்னப்படும். சாயமிட்டுக் காம்பாக்டிங் செய்த துணியைக் கட்டிங் மாஸ்டர் வெட்ட, ஓவர்லாக்கில் ஒருவர் தோள் இணைப்பார். பிளாட்லாக்கில் ஒருவர் ஓரம் மடிப்பார். பொத்தான்பட்டி வைப்பவர் ஒருவர். காஜா எடுப்பவர் ஒருவர். பிசிறு வெட்டுபவர், செக்கிங் பார்ப்பவர், அயர்ன் செய்பவர், மடித்துப் பெட்டியில் இடுபவர் வேறுவேறு. ஒருவர் பிழைத்தால் சட்டை முழுதும் கழிக்கப்படும். செண்டாட்டத்தில் நால்வர் இணைந்து ஆடுதல் அரிதெனக் கண்டோம்; அச்சட்டைக்கோ நாற்பதின்மர் இணைதல் வேண்டும் போலும்.

கொங்கு நாட்டார் கால்நடையின் அருமை அறியாதவருமல்லர். காங்கேயக் காளையின் பெயர் நாடறியும். ரேக்ளா வண்டிப் பந்தயம் இன்றும் ஊர்தோறும் நடைபெறுகின்றது. அந்தியூர்க் குருநாதசுவாமி திருவிழாவில் ஆடித்திங்களிற் கூடும் குதிரைச் சந்தைக்கு மார்வாரிக் குதிரைகளும் வருகின்றன. காளையை மகவெனப் பேணும் ஓர் உழவர்க்கு மான் சிங் குதிரைமீது வைத்த அன்பை விளக்குதல் எளிது. அவ்வுழவரின் பேரப்பிள்ளைகளே இன்று போலோச் சட்டை தைக்கின்றனர். அவர்களும் அரண்மனைக் குதிரைக்காரரைப் போலவே பெயர் பொறிக்கப்படாதவர்.

முடி நீங்கியபின்

1949-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள், சர்தார் வல்லபாய் படேல் ஜெய்ப்பூருக்கு வந்து பெரிய இராஜஸ்தான் ஒன்றியத்தைத் தொடங்கிவைத்தனர். பல நூற்றாண்டு நின்ற ஜெய்ப்பூர் அரசு அன்று முடிந்தது. மான் சிங் ராஜப்பிரமுகர் என்னும் பதவியை ஏற்றனர். அப்பதவியும் 1956-இல் ஒழிந்தது. தாம் வாழ்ந்த ராம்பாக் அரண்மனையை 1957-இற் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றினர். சுற்றத்தார் பலர்க்கு அது மானக்கேடாய்த் தோன்றியது. காலத்தின் கோட்டை அறிந்து குதிரையைத் திருப்பியவர் செயலாகவே நமக்கு அது தோன்றுகின்றது.

இதற்கிடையே இரண்டாம் உலகப்போரால் இலண்டன் கழகங்களின் பழைய செண்டுவெளிகள் அழிந்தன. நம் நாட்டிலும் குதிரைப்படைகள் எந்திரப் படைகளாயின, சமஸ்தானங்கள் மறைந்தன, ஆட்டம் இறந்துபடும் என்றே பலர் எண்ணினர். 1953-இற் சமஸ்தானங்களின் எஞ்சிய குதிரைவீரரைச் சேர்த்து 61-ஆம் குதிரைப்படை அமைக்கப்பட்டது. அதன் இருப்பிடம் ஜெய்ப்பூர் ஆயிற்று. மான் சிங் இளைஞரைத் திரட்டி ஆட்டத்தை மீட்டனர். 1957-ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டுத் தோவில் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் இந்திய அணி பொற்கிண்ணம் வென்றது. மான் சிங் அவ்வணியில் ஆடினர். அவரோடு, ஐம்பதைக் கடந்த ஹனூத் சிங்கும் ஆடினர். 1933-இல் ஜெய்ப்பூர்ப் பெயரால் வென்றவர் இம்முறை இந்தியாவின் பெயரால் வென்றனர். முன்னதற்கு ஓர் அரசும் அதன் கருவூலமும் பின்னே நின்றன. பின்னதற்கு அரசு இல்லை. இவ்வெற்றியே பெரிதென நாம் மதிக்கின்றோம்.

1962-இல் இராஜ்ய சபை உறுப்பினராயினர். அவ்வாண்டே நம் இராஜாஜி தோற்றுவித்த சுதந்திராக் கட்சியின் சார்பிற் காயத்ரி தேவியார் ஜெய்ப்பூர் மக்கள் வாக்கால் மக்களவை புகுந்தனர். ஒருகாலத்து வரி செலுத்திய குடிகளின் முன் அரசியார் வாக்குக் கேட்டு நின்றமை காலத்தின் மாற்றத்தை உணர்த்தும். 1965-இல் மான் சிங் ஸ்பெயின் நாட்டுக்கு இந்தியத் தூதராய்ச் சென்றனர்.

முடிவு

வயது ஐம்பத்தேழு ஆகியும் அவர் செண்டுவெளியை விட்டிலர். 1970-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள், இங்கிலாந்தின் சைரன்செஸ்டர்ப் போலோத் திடலில் வீழ்ந்து உயிர்நீத்தனர். உடல் ஜெய்ப்பூருக்குக் கொணரப்பட்டு, முன்னோர் துயிலும் கேட்டோர் என்னுமிடத்தில் எரியூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு, 1971-இல், அரசியற் சட்டத் திருத்தத்தால் மன்னர் மானியங்களும் பட்டங்களும் நீக்கப்பட்டன. அதனைக் காண அவர் இலர்.

இவ்வாழ்க்கையினின்று நாம் கொள்வது யாது? முடியை அவர் உரிமையாற் பெற்றார். மகவேற்பு என்னும் ஒரு சடங்கு அதனைத் தந்தது, ஒரு கையொப்பம் அதனைக் கொண்டுபோயிற்று. செண்டுவெளியிற் பெற்ற எண்ணையோ அவர் உழைத்துப் பெற்றார். அதனை எவரும் கொடுக்கவும் இல்லை, கவரவும் இல்லை. அவ்வெண்ணைப் பெறுதற்கும் குதிரையும் திடலும் வேண்டும் என்பதை நாம் மறக்கலாகாது. திறமை எங்கும் பிறக்கும். திடல் எங்கும் இல்லை. எந்திரத்தின் முன் அமர்ந்து பொத்தான்பட்டி தைக்கும் ஓர் இளைஞனிடம் ஹனூத் சிங்கின் கையும் கண்ணும் இருக்கலாகும்; அவனுக்கு ஒரு திடல் அமைத்துக் கொடுப்பார் யார்? அவன் மகனுக்கு அது கல்லூரியாகவேனும் வாய்த்தல் வேண்டும்.

கல்லூரியிற் பயிலும் நமக்கும் எண் இடுவார் உளர். குலமும் ஊரும் தந்தையார் தொழிலும் பாராது எண் இடுமிடத்திற்கு வந்து சேர்ந்திருக்கின்றோம். அதனை மன்னர் ஒருவரே விரும்பி ஏற்றாராயின், திருப்பூர்ப் பனியன் கம்பெனித் தெருக்களினின்று வந்த நம் தோழர் அதற்கு அஞ்சவேண்டுவதில்லை.